எண்ணின் வால்

ஜுபைல். நாலாம் நம்பர் ஸ்டோர்.
நீளமானதை எண்ண ஒரு வால்:
இப்போன், நிஹோன், சம்போன்.
தட்டையானதற்கு மாய்.
"மூணு பைப்" என்றால் மிசாவா கோபிக்கமாட்டார்,
காத்திருப்பார்,
பைப்பை முன்னால் வைத்து
எண்ணைப் பின்னால் நான் தள்ளும்வரை.

அது சுலபம்.
கேம்ப் கடையில் நாங்கள் கேட்பதும்
டீ ரெண்டு, பரோட்டா நாலு.
பழத்தைச் சீப்பாக, பூவை முழமாக
வாங்கிய வாய்தானே இது.

சறுக்கியது ஒரு வியாழக்கிழமை.
வெல்டர்கள் எத்தனை பேர் என்றார்.
காலையிலிருந்து பைப் எண்ணிய நாக்கு
ரோப்போன் என்றது.
கதவோரம் ஆறு பேர்
நீளமாய், உருளையாய் நின்றார்கள்.
பைப் இறக்கிப் பழகிய சவரிராயன் மட்டும் சிரித்தான்.
ரொக்குநின், என்று திருத்தினார் மிசாவா.

எங்கள் ஷீட்டில்
போல்ட் 600 நோஸ்,
அதற்குக் கீழே வெல்டர் 6 நோஸ்.
அதை யாரும் திருத்தியதில்லை.
பஸ்காரன் கேட்பது "கித்னா நஃபர்?"

ஆகஸ்டில் சவரிராயன் வெயிலில் சரிந்தான்.
ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் என்றார் மிசாவா.
ஹிதோரி, என்றேன்.
ஒருவர் என்றுதான் சொன்னேன்.
தனியாக என்றும் அதற்கு அர்த்தம் உண்டாம்.
பாதி எழுதிய ரிப்போர்ட்டை மூடிவிட்டு
வண்டிச் சாவியை எடுத்தார்.

டிரிப் பாதி இறங்கியதும் சவரி கண் திறந்தான்.
கீழே கேண்டீனுக்குப் போய்
டீ மூணு, என்றேன்.
கடைக்காரர் மலையாளி.
மூன்றுதான் வந்தது.