தாமதத்துக்கான காரணம்

சீனக்குடா மாவாலை. இரவு முறை.
நாலாம் இலக்க சைலோவின் விசைப்பெட்டியில்
சிவப்புப் பூட்டொன்று தொங்குகிறது.
பூட்டில் மட்டை. மட்டையில் நீலப் பேனையால்,
எழுத்துகள் வலப்பக்கம் சரிய:
சபூர்தீன். உள்ளே வேலை. போடாதே.

ஆறு மணிக்கே முறை மாறிவிட்டது.
கொப்பியில் அவன் வெளியேறிய நேரம் இல்லை.
செருப்பு அடுக்கில் ஒரு சோடி பாட்டா கிடக்கிறது,
யாருடையதென்று ஒருவருக்கும் நிச்சயமில்லை.
அவனது கைபேசி, தொடர்புகொள்ள முடியாதென்று
மூன்று மொழியிலும் சொல்கிறது.

மேல்மூடியைத் திறந்து கூப்பிட்டோம்.
கோதுமை எதையும் திருப்பிச் சொல்வதில்லை.
டோர்ச் வெளிச்சத்தில் தூசு மட்டும்
அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"கிரைண்டர் எடுத்து வெட்டுங்க தங்கச்சி"
என்றார் விஜேகோன், மேற்பார்வையாளர்.
கெட்டவரில்லை.
கப்பல் துறையில் நிற்கிறது;
மணித்தியாலத்துக்கு இவ்வளவென்று
கொழும்பிலிருந்து ஒரு குரல்
அவர் காதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறது.
"அவன் வீட்ட போயிருப்பான். மறதிக்காரன்."

இருப்பான்.
அந்தச் சொல்லுக்குள் ஒரு ஆள் நிற்க இடமிருக்கிறது,
திருகுதண்டுக்கும் சுவருக்கும் நடுவில்.

நான் வெட்டமாட்டன் சேர்.
ஆளைக் கண்ணால காணவேணும்.

சொன்ன பிறகு முழங்கால் நடுங்கியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.
நிரந்தர நியமனம் தையில் வருமென்றிருந்தார்கள்.
விசைப்பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.
இரும்பு சட்டையை ஊடுருவிக் குளிர்ந்தது.

விஜேகோன் வெளியே போனார்,
ஒரு சிகரெட் நேரம்.
வந்து, தன் மோட்டார் சைக்கிள் சாவியைக் கழற்றி
இளையவன் ஒருவனிடம் கொடுத்தார்:
"கிண்ணியாவுக்கு ஓடு."

ஒன்பது பத்துக்குப்
பின் இருக்கையில் வந்திறங்கினான் சபூர்தீன்.
மச்சினனின் கலியாண வீட்டு அத்தர் மணம்,
பாலத்துக் காற்றில் எழும்பி நின்ற தலைமயிர்,
சுட்டுவிரலில் சாவி.
பாட்டா அவனுடையதில்லை.

விஜேகோன் சிங்களத்தில் தொடங்கித்
தமிழில் ஏசி முடித்தார்.
தலையைக் குனிந்தபடி
ஏச்சு வாங்க முழு ஆளாக
நின்றுகொண்டிருந்தான்.

பூட்டு 'டிக்' என்றது.
திருகுதண்டு சுழலத் தொடங்க
தரை எங்கள் உள்ளங்கால்களில் அதிர்ந்தது.

கொப்பியை இழுத்து எழுதினேன்:
தாமதம், மூன்று மணி பத்து நிமிடம்.
காரணம், ஆள் கலியாண வீட்டில் இருந்தார்.