நாலு

எட்டுப் பேரைக் கேட்பதாக இருந்தோம்.
திங்களன்று அது ஐந்தானது, நேற்று மூன்று.
வெள்ளி ஒன்பது மணிக்கு
மருந்துப் பம்பின் திரை தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும்.
மூன்றாமவர் விஸ்மா. ரீகாவில்
ஒரு மருத்துவமனையின் ஆறாம் மாடி, இரவுப் பணி.

ரைதிஸ் கேள்வித்தாளை நீட்டினான்:
எழுத்து தெரிகிறதா, பொத்தான் போதுமா,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்.
நாலு என்றார். எல்லாவற்றுக்கும் நாலு.
நாலு சொன்னால் கேட்க வந்தவர்கள்
சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள் என்று
தெரிந்துவைத்திருந்தார்.

லிஃப்டுக்கு நின்றபோதுதான் பார்த்தேன்,
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
பன்னிரண்டாம் படுக்கையருகே குனிந்தவர்
எங்கள் திரையைத் தொடுமுன்
இடக்கையால் அதைப் பொத்தினார்,
காற்றில் தீக்குச்சியைக் காப்பதுபோல.
இல்லை, நேர்மாறாக:
தூங்குகிறவரைச் சுடரிடமிருந்து.

ஒரு மாதம் சண்டைபோட்டுத் தேர்ந்தெடுத்த வெள்ளை அது.

லிஃப்ட் வந்தது. திறந்தது. போய்விட்டது.
"மணி இரண்டு இருபது" என்றான் ரைதிஸ்,
யாரையும் குறை சொல்லாத குரலில்.

படிக்கட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தோம்.
வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்தோம்,
எங்கள் முகங்கள் இருட்டும்வரை.
கோப்புக்கு என்ன பெயர் வைக்க என்றான்.
'இறுதி' என்று ஏற்கெனவே
நாலு கிடந்தன.