நாலு உருப்படி

புளியரைச் சோதனைச் சாவடியில்
இரவுப் பணி, எனக்குப் பதினோராம் நாள்.
மலைக்கு அந்தப் பக்கம் வாத்துகள் சாகின்றன.
இந்தப் பக்கம் நாங்கள்
டயர்களைக் குளிப்பாட்டுகிறோம்.

லாரி இல்லாத நேரங்களில்
காதில் ஒரு கச்சேரி.
செங்கோட்டை மொபைல் கடையில்
நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய கார்டில்
சாமி பாட்டுக்கும் குத்துப் பாட்டுக்கும் நடுவே
வழிதவறி வந்து உட்கார்ந்திருந்தது.
ட்ராக் ஒன்று முதல் ட்ராக் பதினொன்று வரை.
யார், எந்த ஊர், எந்த வருஷம், தெரியாது.
ஜாஸ் என்று கடைப் பையன்தான் சொன்னான்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்:
"அழிச்சித் தரவாக்கா?"

வேண்டாம் என்றேன்.

எண்ணுவது என் தொழில்.
முதல் வாரம் குரல்களை எண்ணினேன்.
பெண்கள் இரண்டு. ஒருத்தி உச்சிக்குப் போய்
ஒட்டடை அடிக்கிறாள்; மற்றவள்
அவள் ஏறி நிற்கும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறாள்.
ஆண் ஒன்று.
கீழே ஏதோ பெரிய தந்தி வாத்தியம்
தும் தும் என்று நடந்துகொண்டிருந்தது.
ஏழாம் நாள் ராத்திரி இரண்டரைக்கு
அந்த வாத்தியம் மூச்சு வாங்கியது.

எருமை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பழகிய காது இது.
வாத்தியத்துக்கு நுரையீரல் கிடையாது.
ஆக, ஆண் இரண்டு.
மொத்தம் நாலு உருப்படி என்று
எனக்குள் திருத்தி எழுதிக்கொண்டேன்.

வார்த்தையே இல்லாமல் பாடும் இடங்கள் உண்டு.
தபிடு தூபி தபிடா என்று
ஒருத்தி கேட்கிறாள், ஒருவன் மழுப்புகிறான்,
மூன்றாம் ஆள் சாட்சி சொல்ல வரும்போது
கூடத்தில் எங்கோ
ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிறது.
அவர்கள் நிறுத்தவில்லை.
அந்தச் சிலீரை அடுத்த சுற்றில்
வாயாலேயே உடைத்துக் காட்டுகிறார்கள்.
ஜனம் சிரிக்கிறது. பிறகு கைதட்டல்:
மாடக்கண்ணு அண்ணனின் மருந்துப் பம்ப்
டயரில் பீய்ச்சும் அதே சத்தம்.
லாரி வந்துவிட்டதென்று
பல தடவை எழுந்து நின்றிருக்கிறேன்.

நேற்று வந்தது நிஜ லாரி.
ஹரிப்பாட்டு வாத்துகள், அறுநூற்று நாற்பது.
ஓட்டுநர் ரெஜிமோன்.
ஓர் இறகுகூட உள்ளே விட உத்தரவில்லை.
அவரிடம் சான்றிதழ் இருந்தது,
சான்றிதழில் முத்திரை இருந்தது,
முத்திரையின் தேதி மட்டும்
தடைக்கு மூன்று நாள் முந்தையது.
டாக்டர் கையெழுத்துக்கு விடிய வேண்டும்.
பின்னால் அறுநூற்று நாற்பது தொண்டைகள்
ஒரே நேரத்தில் வெவ்வேறு நியாயம் கேட்டன.

"காதில எந்தா மேடம்?"
ஒரு காதைக் கழற்றிக் கொடுத்தேன்.
தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்,
நடுவே ஒரு முழம் ஒயர்.
பாட்டு பிடித்ததா, முகத்தில் தெரியவில்லை.
ட்ராக் நாலின் பாதியில் சொன்னார்:
"தாழப் பாடுற ஆளுக்கு ஜலதோஷம்."
இல்லையே என்றேன்.
"உண்டு மேடம். தும்முன்னு வராம
துப்புன்னு நிக்குது."

ஐம்பது முறை கேட்டிருப்பேன்.
சளி, இருமல், மூக்கொழுகல் கண்டுபிடிக்கத்தான்
அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.

திரும்ப வைத்தேன். ஆமாம், துப்.
மற்ற மூவரும் தெரிந்தே
அவனைச் சுற்றிக் கொஞ்சம் தணிந்து பாடுகிறார்கள்.
அவன் இருமும் இடத்தில்
ஸ்டூல் பிடித்தவள் சட்டென அவன் வரியை வாங்கி
தன் குரல் எட்டாத ஆழத்துக்கு
இறங்கிப் பார்க்கிறாள். எட்டவில்லை.
எட்டாததையும்
பதிவில் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஆறே முக்காலுக்குக் கையெழுத்து வந்தது.
எஸ் வளைவு தாண்டும்வரை வாத்துச் சத்தம்.
"எங்க கொண்டுட்டுப் போவாவ?" என்றார்
மாடக்கண்ணு அண்ணன், பம்பைக் கழுவியபடி.
பேரேட்டில் எழுதினேன்:
வாத்து 640. திருப்பி அனுப்பப்பட்டது.
நோய் அறிகுறி என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதப் போய்
பேனா கொஞ்சம் நின்றது.

காதில் கச்சேரி முடிந்துகொண்டிருந்தது.
எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகும்
அந்தக் கூடத்தில் ஒரே ஓர் ஆள்
தட்டிக்கொண்டே இருந்தார்.
அவரை இதுவரை நான்
எண்ணிக்கையில் சேர்த்ததில்லை.