உளுந்தளவு தோல்

ஞாயிறு காலை ஐந்தரை.
நவம்பர் மழை லுண்ட் நகரத்தில்
மேலிருந்து பெய்வதில்லை, பக்கவாட்டில் வருகிறது,
சைக்கிளில் போகிறவளின் காதுக்குள் பெய்கிறது.
செல்களுக்கு ஞாயிறு தெரியாது.
பசி தெரியும்.

அடைகாப்பானைத் திறக்கிறேன். முப்பத்தேழு பாகை.
இந்நேரத்தில் இந்த ஊரில் உடல்சூடு உள்ள இடங்கள் இரண்டு:
இது, அப்புறம் படுக்கை.

ஊட்டநீர் இளஞ்சிவப்பு.
பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "ஓ, ரத்தம்!" என்பார்கள்.
இல்லை, சாயம்.
தின்று முடித்தால் மஞ்சளாகும். பழையதை உறிஞ்சிப்
புதியதை ஊற்ற வேண்டும்,
தூங்கும் குழந்தைக்குத் துணி மாற்றுவதுபோல,
மூச்சை அடக்கிக்கொண்டு.

இவை ரேப்வாருடையவை.
டவுன் பஸ் ஓட்டுகிறார்.
இடது முழங்கைக்கு மேல் உளுந்தளவு தோல் கொடுத்தார்.
எல்லாருடைய ரத்தத்திலும் இருக்கும் ஏதோ ஒன்று
அவருடையதில் இல்லை,
அதனால் எவர் ரத்தமும் அவருக்கு ஆகாது.
ஆகும் என்றிருந்த ஒருத்தி ஹெல்சிங்கியில்.
ஜனவரியோடு அவளுக்கு வயது கடந்துவிட்டது,
இனி அவள் கையில் ஊசி குத்த மாட்டார்கள்.
இவருடைய இடுப்பு மூட்டு
மூன்று வருடமாய் அறுவைக்குக் காத்திருக்கிறது.

முதலில் தோலை மறக்கவைத்தோம்,
தான் தோல் என்பதை, தனக்கு
நாற்பத்து மூன்று வயது என்பதை.
ஏழு வாரம் ஆனது.
மறந்தது ஒரு காலையில் வட்ட வட்டமாய்
விளிம்பு மினுங்கத் தட்டில் உட்கார்ந்திருந்தது,
எதுவாகவும் ஆவேன் என்ற திமிரோடு.

ரத்தமாகு என்றோம்.
ஒரு மூலையில் துடிக்கத் தொடங்கியது.
இதயத்தசை.
அவர் அப்போது ரயில் நிலைய நிறுத்தத்தில்
கைப்பிரேக் போட்டு அசையாமல் இருந்திருப்பார்.
தான் ஆடாமல் அவர் தசை
இங்கே ஆடிக்கொண்டிருந்தது.
அழகாகத்தான் இருந்தது. கொட்டிவிட்டோம்.

இரண்டாம் முறை பூஞ்சை.
யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை.
என் கையுறையோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

மூன்றாம் முறை, பதினெட்டாம் நாள்,
சுழற்றி எடுத்த குழாயின் அடியில்
அதுவரை வெளுத்துக் கிடந்த மண்டி
சிவந்திருந்தது.
சாயமில்லை.

ஆனாலும் ஒன்று பாக்கி.
சிவப்பணு தன் கருவைத் துப்ப வேண்டும்.
தான் யார் என்று எழுதிச் சுருட்டிய அந்த உருண்டையை
வெளியே தள்ளி, நடுவில் குழிந்து,
காற்றுக்கு இடம் விட வேண்டும்.
எலும்புக்குள், இருட்டில்,
நொடிக்கு இருபது லட்சம் தடவை நடக்கிறது இது,
யாரும் கேட்காமல்.
இங்கே கெஞ்ச வேண்டியிருக்கிறது.
நுண்ணோக்கியில் எண்ணினேன்: நூற்றுக்குப் பதினொன்று.

செவ்வாயன்று ரேப்வார் வந்தார், சீருடையோடு,
இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் கிடைத்த நாற்பது நிமிடத்தில்.
இடுப்புக்காக நாற்காலியை உயர்த்தினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"எவ்வளவு இருக்கிறது?"
"ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு."
"எவ்வளவு வேண்டும்?"
"ஒரு பை."
கணக்கை நான் சொல்லவில்லை.
ஆனால் வெள்ளைப் பலகையில் யோரான்
அழிக்காமல் விட்டுப்போன பூஜ்யங்களைப் பார்த்துவிட்டார்.
"எந்த ஊர் பஸ் இது?" என்றார்.

மறுபடி குனிந்தார்.
"நடுவில் கரும்புள்ளி வைத்திருக்கிறார்களே, இவர்கள்?"
"இன்னும் துப்பாதவை."
"இறங்குமிடம் வந்தும் எழாதவர்கள்."
கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்:
"பின்கதவைத் திறந்து பாருங்கள்.
சில பேர் அதில்தான் இறங்குவார்கள்."

பின்கதவு எங்கே என்று
எனக்குத் தெரியவில்லை.
யோரானிடம் கேட்டேன், சிரித்தான்,
பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு
எதையோ குறித்துக்கொண்டான்.

இது நான்காம் முறை. ஒன்பதாம் நாள்.
மண்டி இன்னும் வெளுப்பு.
மஞ்சளானதை எடுத்துவிட்டேன்,
புதியதை, சுவரோரமாக, மெதுவாக.