இடது கோரைப்பல்

மூன்றாம் சீசனில் உன் பல்லை மாற்றினார்கள்.
ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஹால்டன்.
இடது கோரைப்பல் ஒரு மில்லிமீற்றர் நீளம்,
நிறமும் ஒரு படி கூட.
முந்நூற்றெண்பது வருடம் இரத்தம் குடித்தவனுக்கு
அப்படியொரு வெள்ளை வராது.

பல் செய்வது என் தொழில்.
வினிபெக்கில், ஒரு சலூனுக்கு மேல்மாடியில்,
முகம் தெரியாத வாய்களுக்கு
மெழுகில் வடித்துச் சூளையில் சுடுகிறேன்.
டிசம்பரில் இருட்டோடு போய் இருட்டோடு வருகிறேன்.
வெயில் பட்டால் நீ எரிவாய்.
எனக்கு ஏப்ரல் வரை அந்தப் பயம் இல்லை.

"அவன் கொலைகாரனப்பா" என்கிறார் தவநேசன்,
சோற்றுக் கோப்பையோடு என்னைக் கடந்து போகும்போதெல்லாம்.
தெரியும்.
எண்ணிக்கைகூடத் தெரியும். திரையில் மட்டும் நாற்பத்தேழு.
ஓடக்காரன் மகளை அதில் சேர்க்கவில்லை,
அவளை நீ தொடவேயில்லை.
கரையில் நின்று பார்த்தாய், அவ்வளவுதான்.
ஓடும் தண்ணீரை என்னால் கடக்க ஏலாது என்று
பிறகு ஒரு சாட்டுச் சொன்னாய்.
முதலாம் சீசனில் கடந்தாய். முழங்கால் அளவு ஆறு.
நான் பார்த்தேன்.

அன்றிரவு ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன்.
நாசமாய்ப் போவாய் என்றேன்.
அடுத்த வியாழன் எட்டு மணிக்கு
பற்றரி மூடிக்கு டேப் ஒட்டிக்கொண்டு
திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

பித்தன், பேயன், சுடலைப்பொடி பூசி என்று
சாமியையே வாய் கூசாமல் வைதுவிட்டு
அதே வாயால் தேவாரம் பாடுகிற ஆட்கள் நாங்கள்.
ஆனால் சாமியென்றால்
திருவிளையாடல் என்று சொல்லி மூடிவிடலாம்.
நீ செய்ததை
செய்ததாகவேதான் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் சீசனில் ஒரு விதவை
உள்ளே வா என்றாள்.
வா என்று சொல்லாமல் உன்னால் வாசல் தாண்ட ஏலாது.
சொன்னாள். வந்தாய். முடிந்தது.
போகிறபோது அடுப்பில் பால் பொங்கி வழிய,
திரும்பி வந்து
அடுப்பை அணைத்துவிட்டுப் போனாய்.

ஏன்?
ஐந்து வருடமாய்
அந்த ஒரு திருகலில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி, மைனஸ் முப்பத்தொன்று.
நகர மண்டபத்தில் உன்னை நடிக்கிறவர் வந்திருந்தார்.
ஒரு கையெழுத்து எண்பத்தைந்து டொலர்,
வீட்டில் முப்பது என்றேன்.
மூன்று மணிநேர வரிசை.
எனக்கு முன்னால் பார்க்கா ஜாக்கெட்டுக்கு மேல்
கறுப்பு அங்கி போட்ட பொடியன்,
பின்னால் என்னோடு வேலை செய்யும் மாரிவிக்,
கைப்பையில் பிளாஸ்கும் இரண்டு அவித்த முட்டையும்.

அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.
தொண்டைக்கு இனிப்பொன்று உமிந்துகொண்டிருந்தார்.
கேட்டேன்: அந்தப் பாலை ஏன் இறக்கினீர்கள்?
"பாலா?"
யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பாவம்.
நினைவில்லையே என்று சிரித்தார்.

சிரித்தபோதுதான் கண்டேன்.
சொந்தக் கோரைப்பல் இரண்டும்
மொட்டையாய்த் தேய்ந்து கிடந்தன.

"ராவில் பல்லை நெருமுகிறீர்கள்" என்றேன்.
"காலையில் காதுக்குக் கீழே நோகுமே?"

பேனா நின்றது.
அவர் கை தானாகத் தாடைக்குப் போனது.
அவர் முகம் நான்கு விநாடி, ஐந்து விநாடி,
உன் முகமாக இருந்தது, ஹால்டன்,
அடுப்படியில் திரும்பி நின்ற உன் முகம்.
பிறகு உதவியாள் "அடுத்தவர்" என்றாள்.

பஸ்ஸில் மாரிவிக் கேட்டாள், என்ன சொன்னார்?
நைட் கார்ட் போடச் சொன்னேன் என்றேன்.
படத்தில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைவு.

இன்று வியாழன். ஏழாம் சீசன்.
தேத்தண்ணிக்குப் பால் வைத்திருக்கிறேன்.
மணி ஏழு ஐம்பத்தெட்டு.
அதை இறக்கிவிட்டு வருகிறேன்,
அதற்குள் ஒருவரையும் கொன்றுவிடாதே.