எண்பத்தெட்டு டிகிரி ஜூலை

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, மேசைக்கடியில், எண்பத்தெட்டு.
நடுவில் இருப்பது
இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு ஜன்னலும்
நானும்.

உலான்பாத்தரில் ஜனவரி.
என் திரையிலோ ஜூலை.
இன்னும் கட்டப்படாத இருபத்தாறு மாடிக் கோபுரத்தின் முன்
இல்லாத புல்வெளியில்
இல்லாத பிள்ளைகள் பந்தாடுகிறார்கள்.
ஒவ்வொரு புல்லுக்கும் தனி நிழல் வேண்டுமாம்.
அதைக் கணக்கிடத்தான்
கிராஃபிக்ஸ் கார்டு இப்படிக் கொதிக்கிறது.
நிழலுக்கு இவ்வளவு சூடு செலவாகும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்தால்
எண்பத்தெட்டு எழுபத்தொன்றாகும்.
திறந்தேன், ஆனது.
ஆனால் இந்த ஊரில் குளிர் தனியாக வருவதில்லை,
மேட்டுக் கூடாரங்களின் அடுப்புப் புகையைக்
கைப்பிடித்துக் கூட்டிவருகிறது.
பக்கத்து அறையில் தெமூலென் இருமினான்.
முதலில் ஒன்று. பிறகு மூன்று.
பிறகு இன்ஹேலரைக் குலுக்கும் சத்தம்.

மூடினேன்.
எழுபத்தொன்பது. எண்பத்துநான்கு.
எண்பத்தெட்டு.

கூடாரக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
என் கார்டு குடிக்கும் மின்சாரமும் கரியில் வெந்ததுதான்,
என்ன, என் புகைபோக்கி
கொஞ்சம் உயரம், கொஞ்சம் தூரம்.

போன வாரம் கழற்றித் துடைத்தோம்.
ஏழு திருகுகள், ஒன்றை இன்னும் காணோம்.
விசிறி இதழ்களில் கண்மைபோல் கரி.
சிப்பின்மேல் பழைய பசை
கூரையில் உலர்த்திய ஆரூல் தயிர்க்கட்டியாய்
வெடித்துக் கிடந்தது.
நரந்தூல் சந்தையில் வாங்கிய புதுப் பசையை
"பட்டாணி அளவு வை, ஹுலான்" என்றான்.
எந்த ஊர்ப் பட்டாணி என்றேன்.
சிரித்தான், சிரிப்பு பாதியில் இருமலானது.
ஆறு டிகிரி குறைந்தது.
நான்கு நாள் அதைக் கொண்டாடினோம்.

அடுத்த கார்டு வரட்டும் என்கிறான்.
இலையுதிர்காலத்தில் வருமாம்.
வதந்திகளை வானிலை அறிக்கைபோல்
காலையில் எனக்குப் படித்துக்காட்டுகிறான்.
திங்களன்று: இரட்டிப்பு வேகம், பாதிச் சூடு.
வியாழனன்று: அறுநூறு வாட்,
செங்கல் கனம், மூன்று விசிறி,
நம் பெட்டிக்குள் நுழையாது,
பெரிய பெட்டி வாங்கினால் அது மேசைக்கடியில் நுழையாது.
முதலில் அதற்கொரு வீடு பார்ப்போம் என்றேன்,
அந்த இருபத்தாறு மாடியிலேயே.

போன தடவையும் குளிர்ந்து ஓடும் என்றுதான் வந்தது.
ஓடவும் செய்தது, ஒரு மாதம்.
சூடு குறைந்த அளவுக்கு
நாங்கள் புல்லைக் கூட்டிவிட்டோம்.

இரவு இரண்டு.
கட்டுமான நிறுவனத்திலிருந்து செய்தி:
வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக.
ஒன்பதாவது மாடியில் நின்று பார்க்கிறேன்,
எதிர்க் கட்டடமே தெரியவில்லை.
எந்த நீலம் என்று
எதைப் பார்த்துச் சரிபார்ப்பது?

மின்வரம்பை அறுபது சதவீதத்துக்கு இறக்கினேன்.
அறுபத்தெட்டு டிகிரி.
நாற்பது நிமிட வேலை இனி எழுபது நிமிடம்.
நாளை தர வேண்டியதை மறுநாள் தருவேன்,
திட்டு வாங்குவேன், அது வேறு.

விசிறிகள் தணிந்ததும்
சுவருக்கு அப்பாலிருந்து அவன் மூச்சு கேட்டது.
போகும்போது ஒன்றுமில்லை,
வரும்போது மெல்லிய விசில்.
எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினெட்டு.
சிப்பின் ஒவ்வொரு மூலைக்கும் ஓர் எண் காட்டும் மென்பொருள்
இதை எங்கும் காட்டவில்லை.

கம்பளிக் காலுறைப் பாதங்களைப்
பெட்டியின் பின்புறம் நீட்டிவைத்தேன்.
முன்புபோல் சுடவில்லை,
வருடத்தான் செய்கிறது.

இன்னும் நூற்றுப்பதினான்கு சட்டங்கள்.
திரையில் ஒரு சிறுமி எறிந்த பந்து
பாதி உருண்டையாய், பாதி வெறும் புள்ளிகளாய்
போதாத நீலத்தில் நிற்கிறது.