அறுபத்தோராம் நாள்

பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் இரவு டேட்டா.
அதுவரை முழித்திருந்து இறக்கினேன்.
அறுபது நாள் சும்மா பாவிக்கலாம்,
மறுகா அறுபது டொலர்.
ரூபாயாக்கிப் பார்த்தேன்:
மோட்டார்சைக்கிள் லீசிங்கில் ஒரு தவணை.
அந்தத் தவணைகளைக் கேட்டு
கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை
வீடு வீடாய்ப் போகிறவன் நான்.
அது எவ்வளவு காசென்று எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் மச்சான் கட்டாருக்குப் போகும்போது
விட்டுவிட்டுப் போனது. எஸ் விசை அழுந்தாது.
சேமிப்பதென்றால் மவுசால் தேடிப் போகவேண்டும்.
மைக் ஆயிரத்தெண்ணூறு,
கரோக்கேக்கு என்று பெட்டியில் எழுதியிருந்தது.
தும்புத்தடியில் கட்டி
இரண்டு கதிரைக்கு நடுவே நிறுத்தினேன்.

ஃபேனை நிறுத்தினால்தான் பாட்டு.
சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தினால்
பாடுகிறவன் அவிந்துபோவான்.

முதல் தடத்தில் மேசையைத் தட்டினேன்.
அதன்மேல் கிற்றார், ஐந்து கம்பி;
ஆறாவது அறுந்து மூன்று வருசம்,
இல்லாத கம்பியைச் சுற்றிப் போகக்
கை பழகிவிட்டது.
மூன்றாம் தடத்தில் நான்.
நான்காம் தடத்திலும் நான், கொஞ்சம் கீழே,
கொஞ்சம் சுருதி குறைய.

ஹெட்போனில் என் குரல் எனக்கே பிந்தி வந்தது.
வாயை மூடிய பிறகும் ஒரு சொல் மிச்சம்.
அதற்கொரு செட்டிங் இருந்தது.
எண்ணைக் குறைக்கக் குறைக்க
குரல் கிட்ட வந்தது.
இன்னும் குறைத்தேன்:
பொரிந்து, வெடித்து, எல்லாம் நின்றுபோனது.
வசூலிலும் இப்படித்தான்,
ஓர் அளவுக்குமேல் நெருக்கக்கூடாது.

பின்னேரம் ஐந்தேகாலுக்குப் பாண் ஓட்டோ
தன் ஒரே மெட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பும்.
ஐந்தாம் தடத்தில் முழுசாய் ஏறிவிட்டது.
வெட்டினால் என் சரணமும் போகும்.
வெட்டவில்லை.
சரணத்தை பாண் ஓட்டோவின் சுருதிக்கு இறக்கி
மறுபடி பாடினேன்.

நாற்பத்தோராம் நாள்
வேலையால் வந்து திறந்தால்
ஏழாம் தடத்தில் ஓர் அலை.
நான் பதியாதது. பிற்பகல் 2.14.
கதிரை இழுபடும் சத்தம்.
"இது ஓடுதா?"
ஜெயவாணி.
மறுகா ஒரு மூச்சு. மறுகா
என் பாட்டின் இரண்டாம் அடி,
என் பாட்டில் இல்லாத ஒரு வளைவோடு.
அடி முடியுமுன் மீட்டர் நெடுகச் சிவப்பு.

கலியாணமாகிப் பன்னிரண்டு வருசம்.
அவள் பாடுவாளென்று எனக்கு யாரும் சொல்லவில்லை
என்று எழுத வந்தேன்.
நான் கேட்கவில்லை என்பதுதான் சரி.

இரவு சாப்பிடும்போது சொன்னேன்,
சத்தம் கூடி உடையுது,
கொஞ்சம் தள்ளி நிண்டு பாடு,
குறைச்சு எடுப்பம்.
மீன் முள்ளை ஓரமாக்கிக்கொண்டு சொன்னாள்:
"என்னைக் குறைக்க வேணாம்.
சிவப்பு எரிஞ்சா எரியட்டும்.
உங்கட ரெண்டு பேரையும் குறைங்க."

மூன்றாம் தடத்து என்னை இறக்கினேன்.
நான்காம் தடத்து என்னையும்.
பாட்டு இப்போது
"இது ஓடுதா?" என்று தொடங்குகிறது.
கதிரைச் சத்தத்தையும் விட்டுவைத்தேன்,
மேசைத் தட்டு அதற்குப் பிறகுதான் வருகிறது.

அறுபத்தோராம் நாள்
பூட்டிக்கொள்ளும் என்றிருந்தேன்.
பூட்டவில்லை.
ஒரு சின்னப் பெட்டி வந்து
அறுபத்தொரு நாளாய்ப் பாவிக்கிறீர்கள் என்றது,
இது சும்மா இல்லை என்றது,
ஐந்து எண்ணும்வரை நின்றது,
மறுகா விலகி வழிவிட்டது.
படலையில் நின்று இப்படிக் கேட்க
எங்கள் ஒஃபிசில் யாரும் பழக்கவில்லை.

நாளைக்கு நாவற்குடாவில் ஓர் ஓட்டோ,
மூன்று தவணை பிந்தியது.
பாண் ஏற்றுகிற ஓட்டோவாம்.
அதே ஆள்தானோ தெரியாது.
திறப்பை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜெயவாணி ஃபேனை நிறுத்துகிறாள்.
ஹெட்போனை என் தலையிலிருந்து கழற்றித்
தன் காதில் போடுகிறாள்.
எட்டாம் தடத்தைத் திறக்கிறேன்.
அதற்கு முன்
மவுசைப் பிடித்து, மெல்லத் தேடி,
இதுவரை உள்ளதைச் சேமிக்கிறேன்.